முன்பதிவு செய்த கோபம்

அடுத்த மாதம் நடக்கப்போகும் விஷயத்துக்கு இந்த மாதமே கோபப்படத் தெரிந்த ஒரே ஒருவரைத்தான் நான் வாழ்க்கையில் கண்டிருக்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். நான் இரண்டாம் மாடி. நடுவில் இருந்த கொங்கிரீட் போதவில்லை.

பெயர் வேண்டாம். எழுதினேன் என்று தெரிந்தால் எங்கிருந்தாலும் ரயில் ஏறி வந்து பேசுவார். பேசுவார் என்றால் எங்கள் பக்கத்தில் ஏசுவார் என்று பொருள். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மடையன் என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம்.

மன்னார்க்காரர். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. சாப்பாடு சரியில்லை என்று பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பது மத்தியானம் பன்னிரண்டரைக்கு. அக்காவுக்கு அதற்கான கோபம் காலை ஏழு மணிக்கு, உருளைக்கிழங்கு உரிக்கும்போதே தொடங்கிவிடும். பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்கும் நேரத்தில் அது முழுக்கச் செலவாகிப் போயிருக்கும். அதனால் அவர்களுக்கு இரண்டு கரண்டி கூடக் கிடைக்கும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நான் எப்போதும் கோபம் புதிதாக இருக்கும் நேரத்தில்தான் போய் மாட்டுவேன்.

ஒருமுறை பாஸ்போர்ட் புதுப்பிக்க நகரசபையில் டேர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்தார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், கழித்துத்தான் கிடைத்தது. அந்த மூன்று கிழமையும் படியில் ஏறி இறங்கும்போதெல்லாம், அங்கே இருக்கப்போகும் முகம் தெரியாத அதிகாரியோடு சண்டை நடந்தது, ஜேர்மன் 'இல்லை'யில் தொடங்கி. "நைன்! அது போன முறையே தந்தாச்சு! நைன்! நான் திரும்ப வரமாட்டன்!" இரண்டாம் மாடிக் கதவுக்குப் பின்னால் நான் நடுங்கிக்கொண்டிருப்பேன். மொழிபெயர்ப்புக்கு என்னைக் கூட்டிப்போனார். என் ஜேர்மன் மொழியில் இரண்டு வசனம் கேட்டதும் அங்கிருந்த இளம்பெண் மரியாதையாக ஆங்கிலத்துக்கு மாறினாள். ஏழே நிமிடத்தில் வேலையை முடித்து, நல்ல நாளாக அமையட்டும் என்று வேறு சொன்னாள்.

திரும்பி வரும்போது அக்கா டிராமில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். மூன்று கிழமைக் கோபம் அப்படியே கையில் மிஞ்சியிருந்தது.

"ஏமாத்திப்போட்டாள்," என்றார்.

"ஆர் அக்கா?"

"நீ வாயைத் திறக்காதை. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது கதைக்க இல்லை, பேப்பர் தூக்க."

ஏன் இப்படி முன்னாலேயே கோபிக்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. அந்தளவுக்கு மடையன் இல்லை. ஆனால் அவராகவே ஒருநாள் சொன்னார். அதற்கு அவருடைய தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு ஒரே ஒரு தம்பி. பல வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மன்னாரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, கூட்டாளியளோட நாலைஞ்சு நாள் கடலுக்குப் போறன்," என்றிருக்கிறார். அக்கா அப்போது வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார். "சரி, கவனம்," என்று சொல்லி வைத்துவிட்டார். நாலைந்து நாள் கழித்து அல்ல, நாற்பது நாள் கழித்துத்தான் தம்பி அவுஸ்திரேலியாவில் ஒரு முகாமிலிருந்து கூப்பிட்டார். படகில் போயிருந்தார்.

"அண்டைக்கு நான் கோபிச்சிருக்க வேணும்," என்றார் அக்கா. "'எந்தக் கடலடா, ஆரின்ர படகடா' எண்டு நாலு கேள்வி கேட்டிருந்தா அவன் உளறியிருப்பான். நான் சரி எண்டிட்டன். எல்லாம் முடிஞ்ச பிறகு கத்தி என்ன? அதுதான் இப்ப முந்தியே கத்துறன்."

அந்தத் தம்பிக்கு அவுஸ்திரேலியாவில் கிடைத்தது தற்காலிக விசா. பிறகு அதற்கு இன்னொரு தற்காலிகம். வேலை செய்யலாம், வரி கட்டலாம், நாட்டை விட்டு வெளியே போனால் மட்டும் திரும்பி வர முடியாது. தாயாருடைய அடக்கத்துக்கும் போக முடியவில்லை. கடற்கரை நகரங்களில் வேலை கிடைக்காமல், உள்ளே, செம்மண்ணும் வானமும் தவிர அதிகம் எதுவும் இல்லாத பகுதியில் ஒரு சின்ன ஊருக்குப் போய், மாடு வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். அவரால் வர முடியாது. ஆகவே அக்கா போக வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பித்தது அதற்குத்தான்.

எங்கள் சனத்துக்கு விமான டிக்கெட் பார்த்துக் கொடுப்பது நான். தகுதி இரண்டு: வீட்டில் பெரிய கணினித் திரை இருந்தது, எனக்கு வெட்கம் இருக்கவில்லை. லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போகவேண்டிய குடும்பத்தைக் கலியாணத்துக்கு அடுத்த நாள் கொண்டுபோய் இறக்கியவன் நான். மிச்சச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். இதெல்லாம் தெரிந்தும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொப்பியும் பென்சிலுமாக வந்து என் திரைக்கு முன்னால் இருந்தார்.

"பிரிஸ்பேனில இறங்கினா அங்கயிருந்து பெரிசாத் தூரமில்லை அக்கா," என்றேன். "இந்தா பாருங்கோ, மப்பில அரைப் பென்சில்."

அக்கா பென்சிலை வாங்கினார். "இதே அளவில ஜேர்மனியைக் காட்டு."

காட்டினேன். பென்சிலை வைத்தார். ஹம்பேர்க்கில் தொடங்கி மியூனிக்கைத் தாண்டி, அல்ப்ஸ் மலையைத் தாண்டி, இத்தாலிக்குள்ளே போய் நின்றது அவருடைய அரைப் பென்சில்.

"மடையா," என்றார், மிகவும் அமைதியாக.

அங்கே போகும் ரயில் கிழமைக்கு இரண்டு தரம்தான், ஒரு நாள் முழுக்க ஓடும் என்று கண்டுபிடித்தோம். "கிழமையில ரெண்டு தரமோ? மிச்ச அஞ்சு நாளும் அங்க ஒருத்தருக்கும் அவசரமே வாறேல்லையோ?" அந்த ரயில்வேயைத் திட்டினார். ரயிலில் தரப்போகிற சாப்பாட்டைத் திட்டினார். பக்கத்து இருக்கையில் குறட்டை விடப்போகிற ஆளையும் ஒரு பாட்டம் திட்டி முடித்தார். நான் கொஞ்சம் உற்சாகப்படுத்தலாம் என்று சுற்றுவட்டாரத்தைக் காட்டினேன். வெந்நீர் ஊறும் குளம், சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்கு, தோண்டியெடுத்த டைனோசர் எலும்புகளுக்கு ஒரு காட்சிக்கூடம்.

"எலும்பு பாக்கவோ நான் இருபது மணித்தியாலம் பறக்கிறன்? அவன்தான் நாள் முழுக்க எலும்போட நிக்கிறான்."

பிறகு தன் கொப்பியைத் திறந்து தன்னுடைய சுற்றுலாவைக் கேட்டார். கோயில் எங்கே? இருந்தது, மாதத்துக்கு ஒருமுறை பாதர் வருவார். அரிசி எந்தக் கடையில்? ஆஸ்பத்திரி? சின்னது ஒன்று, பெரிய வருத்தமென்றால் நோயாளியை விமானத்தில் ஏற்றுவார்கள். "பின்னேரத்தில அவன் எங்க போய் இருப்பான்?" என்று கேட்டார். அதற்கு எந்த இணையத்தளத்திலும் பதிலில்லை. தெருவைப் படமாகக் காட்டும் வசதி இருக்கிறதல்லவா, அதைத் திறந்தேன். அகலமான தெரு, ஒரு தண்ணீர்த் தாங்கி, தகரக்கூரைகள், நடுத்தெருவில் படுத்திருந்த ஒரு நாய். தெருவின் கடைசி வரைக்கும் என்னை நகர்த்தச் சொன்னார். கடைசியில் தெரு முடிந்து மண் தொடங்கியது. அதன் பிறகும் மண்தான்.

"இவ்வளவு பெரிய நாடு," என்றார். "ஒரு ஆளுக்கு ஒரு முத்திரை குத்த ஏலாதாம்."

அந்த ஒரு கோபத்தை மட்டும் முன்கூட்டிய கணக்கில் சேர்க்க முடியாது. அது பல வருடம் பிந்தி வந்தது. சிரிப்பூட்ட எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பயணம் தம்பிக்குத் தெரியக்கூடாது. அதுதான் திட்டத்தின் முதல் விதி. "ரெண்டு தரம் கேட்டனான், 'இஞ்ச ஒண்டும் இல்லை அக்கா, வராதேங்கோ' எண்டிட்டான். இந்த முறை கேக்கமாட்டன். கதவைத் தட்டுறதுதான். நீ ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது."

நான் மூச்சு விடவில்லை. தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது கடைக்கார அக்காவிடம் ஒரு வசனம்தான் விட்டேன். அதுவும் பெருமைக்காக: "ஓகஸ்டில ஒரு ஆளுக்கு ஒஸ்ரேலியாவுக்கு டிக்கெட் போட்டுக் குடுத்திருக்கிறன், எங்கட மேல்வீட்டு அக்காவுக்குத்தான்."

ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் எங்கள் சனம் அவரை ஆளாகப் பார்ப்பதில்லை, பெட்டியாகத்தான் பார்க்கும். அடுத்த கிழமையே மூன்றாம் மாடியில் மணி அடிக்கத் தொடங்கியது. பனங்கிழங்கில் இடிக்கும் ஒடியல் மா ஒரு கிலோ, பேர்த்தில் ஒருவருக்கு. முழங்கால் வலிக்குப் பூசும் மருந்து, சிட்னிக்கு. தைத்த சட்டைகள், கடைக்கார அக்காவின் மெல்பேர்ன் மச்சானுடைய மனைவிக்கு. "ஒஸ்ரேலியாதானே, போற வழியில குடுத்துவிடட்டும்," என்றாராம் கடைக்கார அக்கா. போகிற வழி! ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது.

அக்கா பார்சல்களையெல்லாம் தூக்கிவந்து என் கதவடியில் போட்டார். அன்றைக்கு வாங்கிய ஏச்சை அச்சில் ஏற்ற முடியாது. என் பற்களின் எண்ணிக்கை பற்றி ஒரு கருத்து வந்தது. என் ஜேர்மன் மொழி பற்றியும் வந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ. நான் சிரித்து மழுப்பிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்சல்களைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. சட்டைப் பார்சல் வருகிறதென்று கடைக்கார அக்கா மெல்பேர்னுக்கு முன்பே சொல்லிவிட்டார். அந்த மச்சான், எங்கள் மேல்வீட்டு அக்காவின் தம்பியோடு ஒரே படகில் போனவர். ஐந்தாம் நாள் என் கைபேசியில் தம்பி வந்தார், வீடியோவில்.

"அண்ணை, அக்கா வாறாவாமே. நீங்கள்தான் டிக்கெட் போட்டனீங்களாமே."

மறுக்கலாமென்று வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை. "அண்ணை, இதைப் பாருங்கோ," என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். பெருவிரல் இருந்தது. சின்னவிரல் இருந்தது. நடுவில் மூன்றும் அடியோடு இல்லை.

"ரெண்டு வருசமாச்சு. மெசினுக்க போயிட்டுது. இப்ப பெட்டிக்கு லேபிள் ஒட்டுற வேலை, பிரச்சினையில்லை. அக்காவுக்கு ஒண்டும் சொல்லேல்லை. வீடியோவில எப்பவும் இடக்கையாலதான் போனைப் பிடிக்கிறனான். அவவை வரவிடாதேங்கோ. வந்தாலும் நான் வீட்டில இருக்கமாட்டன்."

"எட தம்பி…"

"சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. ஒரு சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். எந்த இரகசியத்தையும் ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கத் தெரியாத நான், என் வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரே இரகசியம் அதுதான். சொல்லியிருக்கவே கூடாததைக் கத்தரிக்காய்க்கு நடுவில் உளறினேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டியதைப் பூட்டி வைத்தேன். இரண்டு தரம் படியேறிப் பாதியில் திரும்பினேன். மூன்றாம் தரம் அக்காவே எதிரில் வந்தார்.

"என்ன, மூஞ்சை ஒரு மாதிரிக் கிடக்கு?"

"வாயு அக்கா."

வாயு! நினைக்க நினைக்க இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

தம்பி சும்மா மிரட்டுகிறார், அக்காவை நேரில் கண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடக் கோடை விடுமுறை தொடங்கியது. அக்கா புறப்பட்டார். உலகத்திலேயே வெக்கையான இடங்களில் ஒன்று, பருத்திச் சட்டை மட்டும் போதும் என்று ஆலோசனை சொல்லியிருந்தேன். எங்கள் கோடை அவர்களுடைய குளிர்காலம் என்பது பயண நிபுணருக்குத் தெரியாது. ரயிலிலிருந்து வந்த முதல் செய்தியே, "பல்லுக் கிட்டுதடா பாவி," என்பதுதான். எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏசுகிறார் என்றால் நன்றாக இருக்கிறார்.

அடுத்த அழைப்பு வந்தபோது நான் வேலை செய்யும் கார்ப் பாகங்களின் களஞ்சியத்தில், காலைத் தேநீர் இடைவேளை. அங்கே மாலை ஆகியிருக்கும்.

"வீடு பூட்டிக்கிடக்கு," என்றார் அக்கா.

நான் எழுந்து வெளியே போனேன்.

"பக்கத்து அறையில ஒரு பிலிப்பைன்காரர் இருக்கிறார். நல்ல மனிசன். கதிரை தந்தவர், தேத்தண்ணி தந்தவர். தம்பி லீவு போட்டிட்டு முந்தநாள் ஆரோடையோ லொறியில மாட்டுப் பண்ணைக்குப் போயிட்டானாம். 'நீங்கள் அக்காவோ, கவலைப்படாதேங்கோ, கை இப்ப நல்ல சுகம்' எண்டார்."

பின்னால் ஒரு நாய் குரைத்தது கேட்டது.

"நான் எந்தக் கை எண்டு கேட்டனான்," என்றார்.

நான் வாசலை விட்டு இன்னும் தள்ளிப் போனேன்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

"தெரிஞ்சுகொண்டோ என்னை ஏத்தி அனுப்பினனீ?"

"ஓம்."

இதோ வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வந்திருந்தால் தாங்கியிருப்பேன். "கோபம் வருகுதில்லையடா," என்றார். குரல் சின்னதாக இருந்தது. "இதுக்கெண்டு நான் ஒண்டும் கொண்டுவரேல்லை."

பிறகு, "நான் எடுத்தா எடுக்கமாட்டான். நீ எடு," என்று வைத்துவிட்டார்.

எடுத்தேன். ஆறாவது தரம் தம்பி பதில் சொன்னார். எனக்குக் கோபப்படத் தெரியாது. யார் அடித்தாலும் ஒரு பகிடி விட்டுத் தப்பிவிடுகிற ஜாதி நான். அன்றைக்குப் பகிடி வரவில்லை. ஊரில் துரத்தியவர்கள், முகாமில் அடைத்தவர்கள், தற்காலிகம் தற்காலிகமாக ஒரு மனிதனைத் தள்ளிப்போட்டவர்கள், கை போன பிறகு லேபிளைக் கொடுத்தவர்கள், கத்தரிக்காய்க் கடையில் வாயைத் திறந்தவன், எல்லார் மேலும் வரவேண்டிய கோபம் ஒன்றாக வந்தது. அது போய் விழுந்தது, அதற்குக் கொஞ்சமும் பாத்திரமில்லாத அந்தப் பாவி மேல்.

"டேய், உன்ர பூட்டின கதவுக்கு முன்னால உன்ர கொக்கா சூட்கேசோட இருக்கிறா. குளிருக்கு உடுப்பில்லை, அது என்ர பிழை. நீ இல்லாதது உன்ர பிழை. வெக்கமோ உனக்கு? வெக்கப்பட வேண்டினவை கனபேர் இருக்கினம். அவையள் ஒருத்தரும் ஓடி ஒளிக்கேல்லை. நீ என்னத்துக்கடா ஒளிக்கிறாய்?"

தம்பி தொடர்பைத் துண்டித்தார். களஞ்சியத்தின் வாசலில் எங்கள் மேற்பார்வையாளர் நின்றிருந்தார். தமிழ் தெரியாது. ஆனாலும் எனக்கு இன்னும் பத்து நிமிடம் இடைவேளை தந்தார்.

மறுநாள் அதே நேரம் தம்பியின் இலக்கத்திலிருந்து அழைப்பு. "வந்திட்டன் அண்ணை," என்றார், அவ்வளவுதான். எனக்கு அவர் மேல் கோபம் இருந்ததா, அவருக்கு என் மேல் இருந்ததா என்று தெரியவில்லை. கைபேசியை எங்கோ மேசையில் வைத்தார் போலிருக்கிறது; அணைக்க மறந்துவிட்டார். நான் அணைத்திருக்க வேண்டும். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

அக்காவின் குரல் வந்தது. பழையபடி, மூன்றாம் மாடிக் குரல். மன்னாரில் தொடங்கி, படகைப் பேசி, முகாமைப் பேசி, மெசினைப் பேசி, அந்த மெசினைச் செய்த கொம்பனியின் பரம்பரையைப் பேசி, சமையலறைக்கு வந்து சேர்ந்தார்.

"இதென்ன சட்டி? இதிலயோ சமைக்கிறனீ? கொண்டா இஞ்ச அந்தக் கத்தியை."

"நான் வெட்டுறன்."

"விடடா. வெங்காயம் நான் வெட்டுறன்."

"எனக்கு ஏலும் அக்கா."

"ஏலாது."

"ஏலும் எண்டுறன்."

"ஏலாது எண்டுறன், தா!"

"ரெண்டு வருசமா ஆர் வெட்டினது?"

நான் காதோடு கைபேசியை அழுத்திக்கொண்டேன். பலகையில் கத்தி படும் சத்தம் கேட்டது. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. வெங்காயம் உருண்டு எங்கோ போய் விழுந்தது. யாரோ குனிந்து எடுத்தார்கள் போல, கதிரை நகர்ந்தது. மறுபடி கத்தி. மெதுவாக, ஒவ்வொன்றாக. ஒரு முழு வெங்காயம் முடியும்வரை, அந்த வீட்டில் வேறு ஒரு சத்தமும் இல்லை. அக்கா பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். வாயைத் திறக்காமல் அவர் நின்ற ஒரு நேரம் அது. அதை நான் கண்ணால் காணவில்லை.

"சரி," என்றார் கடைசியில். "மற்றதையும் வெட்டு."

நான் கைபேசியை அணைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.